குவாண்டம் புள்ளி லேசரின் இயங்கு பண்புகள்

குவாண்டம் புள்ளி லேசர் என்பது, சில பத்து நானோமீட்டரே அகலமுள்ள குறைகடத்தித் துகள்களிலிருந்து ஒளியைப் பெறும் லேசர். மின்னோட்டம் மாறும்போது ஒளி எவ்வளவு விரைவில் மாறுகிறது, எப்படி அலைந்து நிலைகொள்கிறது, எதிரொளித்துத் திரும்பும் ஒளியால் குலைகிறதா என்பவையே அதன் இயங்கு பண்புகள். ஒளியிழைத் தொடர்பில் ஒளியைக் கூட்டிக் குறைத்தே தகவல் அனுப்பப்படுவதால், லேசரின் பயன் இவற்றைப் பொறுத்தது. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பல்லப் பட்டாச்சாரியா.

தோற்றம்

எலக்ட்ரானை மூன்று திசைகளிலும் சிறைப்படுத்தினால் அதன் ஆற்றல் தனித்தனி மட்டங்களாகப் பிரியும். அப்போது லேசர் வெப்பத்தால் எளிதில் பாதிக்கப்படாது என்று 1982இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுஹிகோ அரகாவாவும் ஹிரோயுகி சகாகியும் கணித்தனர். அன்று புள்ளிகளை உருவாக்கும் வழி கைவசம் இல்லை. ஆகவே சாதாரண குறைகடத்தி லேசரை 30 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்தில் வைத்து, எலக்ட்ரான்களின் நகர்வைக் கட்டுப்படுத்தித் தம் கணிப்புக்குச் சான்று தேடினர்.

வழி படிக வளர்ப்பிலிருந்தே கிடைத்தது. காலியம் ஆர்சனைடின் மீது இண்டியம் ஆர்சனைடைப் படியவிட்டால், இரண்டின் அணு இடைவெளியும் சுமார் 7% வேறுபடுவதால் படலம் இறுக்கமடைகிறது. ஓரிரு அணுவடுக்கு வளர்ந்ததும் அது தானாகவே சிறுசிறு மேடுகளாகத் திரள்கிறது. இத்தகைய புள்ளிகளைக் கொண்டு 1994இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ரஷ்யாவின் இயோஃபி நிறுவனமும் இணைந்து லேசரை இயக்கிக் காட்டின.

வேகத்தின் சிக்கல்

குறைகடத்தி லேசரைத் திடீரென இயக்கினால் ஒளி உடனே நிலைகொள்ளாது. எலக்ட்ரான்கள் பெருக ஒளி எழும். ஒளி பெருக எலக்ட்ரான்கள் குறையும். சற்று நேரம் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கும். குவாண்டம் புள்ளி லேசரில் இந்த அலைவு விரைவில் அடங்கிவிடுகிறது. அமைதியான இந்த இயல்புக்கு விலையும் உண்டு. அறை வெப்பநிலையில் தொடக்ககால லேசர்களின் பண்பேற்ற அகலம், அதாவது மின்னோட்ட மாற்றத்தை ஒளி பின்தொடரக்கூடிய வேக எல்லை, 5 முதல் 7 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை.

காரணத்தைப் பட்டாச்சாரியாவின் மிச்சிகன் குழு 1998இல் ஒரு சோதனையால் துலக்கியது. லேசரை உறைகுளிருக்குக் கொண்டுசென்றபோது அதே சாதனம் 20 கிகாஹெர்ட்ஸை எட்டியது. புள்ளிகளில் இடம் சொற்பம். அவற்றுக்கு அடியிலுள்ள மெல்லிய படலத்திலோ ஏராளம். அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்கள், உள்ளே செல்லாமல் திண்ணையிலேயே நின்றுவிடும் கூட்டம்போல, அப்படலத்தில் தங்கிவிடுகின்றன. எனவே புள்ளிக்குள் அவை வந்துசேரும் பாதையை மாற்றுவதே தீர்வாயிற்று. எலக்ட்ரான்களை முதலில் குவாண்டம் கிணறு எனும் மிக மெல்லிய குறைகடத்தி அடுக்கில் குளிர்வித்து, மெல்லிய தடுப்பின் ஊடே ஊடுருவச் செய்து, ஒளி உமிழும் மட்டத்துக்கே நேராகச் சேர்த்தனர். ஊடுருவல் செலுத்தம் எனும் இம்முறையால் 2005 வாக்கில் அறை வெப்பநிலையிலேயே 20 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் எட்டமுடிந்தது.

பிற பண்புகள்

மின்னோட்டத்தை மிகவும் கூட்டினால் அடிமட்டத்தோடு கிளர்மட்டமும் ஒளிரத் தொடங்கி, இரு அலைநீளங்களில் ஒளி வரும். அலைவு விரைந்து அடங்குவதால், திரும்பிவரும் ஒளியையும் இவ்வகை லேசர் நன்கு தாங்கும்; அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் பெர்லின் குழுவினருடன் சேர்ந்து 2003இல் இதை அளந்து காட்டினர். ஒளித் தடுப்பான் எனும் விலைமிக்க உறுப்பைத் தவிர்க்க இது வழிகோலியது.

பயன்பாடு

2004இல் ஃபுஜிட்சு நிறுவனமும் டோக்கியோ பல்கலைக்கழகமும், மின்னோட்டத்தைச் சரிசெய்யாமலே 20 முதல் 70 பாகை செல்சியஸ் வரை நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் இயங்கும் லேசரை அறிவித்தன. அரகாவாவும் சகாகியும் 1982இல் சொன்னது இவ்வாறு செயலுக்கு வந்தது. சிலிக்கன் மீது இப்புள்ளி லேசர்களை வளர்க்கும் முயற்சியை மிச்சிகன் குழு 1999இலேயே வெளியிட்டது. 2016இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அவ்வாறு வளர்த்த லேசரில் நீண்ட ஆயுளைக் காட்டினர். சிலிக்கனில் வளரும் படிகத்தில் குறைகள் மிகுதி. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தனித்திருப்பதால், ஒரு குறை அருகிலுள்ள சில புள்ளிகளையே பாதிக்கிறது. வேகத்தைத் தடுத்த அதே தனிமை, இங்கே லேசரின் உயிரைக் காக்கிறது.