பிரேக் அதிர்வு

பிரேக் அதிர்வு என்பது ஓடும் காரில் பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஸ்டியரிங் சக்கரத்திலும், சில வேளைகளில் பிரேக் மிதியிலும் இருக்கையிலும் உணரப்படும் நடுக்கம் ஆகும். முன் சக்கரங்களில் வட்டு பிரேக் பொருத்தப்பட்ட கார்களில் இது பரவலாகக் காணப்படும் ஒரு பழுது. வட்டு வளைந்துவிட்டது என்று கருதி அதனை மாற்றுவது வழக்கம். எனினும் பெரும்பாலான நேரங்களில் வட்டு வளைவதில்லை. அதன் தடிப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லாமற் போவதே அதிர்வுக்குக் காரணம். தடிப்பு வேறுபாட்டை உண்டாக்கிய குறையை நீக்காமல் புதிய வட்டைப் பொருத்தினால், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் அதிர்வு மீண்டும் தோன்றக்கூடும்.

அதிர்வு தோன்றும் விதம்

பிரேக் வட்டு பொதுவாகச் சாம்பல் வார்ப்பிரும்பினால் ஆனது. அது சக்கரத்துடன் சேர்ந்து சுழலும். மிதியை அழுத்தும்போது காலிப்பர் என்னும் பற்றி, வட்டின் இருபுறமும் உள்ள பிரேக் பேடுகளை வட்டின் மீது அழுத்துகிறது. வட்டின் தடித்த பகுதி பேடுகளுக்கு இடையே வரும்போது அழுத்தம் கூடுகிறது. மெலிந்த பகுதி வரும்போது குறைகிறது. இவ்வாறு கூடிக் குறையும் விசை தொங்கல் அமைப்பின் வழியாக ஸ்டியரிங் சக்கரத்தை அடைகிறது. சுமார் 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே ஓட்டுநரால் உணரப்படலாம். இது மனிதத் தலைமயிரைவிட மெல்லிய அளவு ஆகும்.

டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சுழல்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 9 முறை. விசையின் ஏற்ற இறக்கம், தொங்கல் அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணுடன் பொருந்தும் வேகத்தில் ஒத்ததிர்வு ஏற்பட்டு நடுக்கம் மிகும். வேகம் குறையும்போது நடுக்கம் தணிவது இதனாலேயே.

காரணங்கள்

* பக்கவாட்டு ஆட்டம்: வட்டு தன் அச்சுக்குச் சரியான செங்குத்தாக அமையாமல் சற்றே சாய்ந்து சுழலுதல். நகரும் வகைக் காலிப்பரில் இரு பேடுகளும் வட்டுடன் சேர்ந்து அசைவதால், இந்த ஆட்டம் தொடக்கத்தில் உணரப்படுவதில்லை. ஆனால் பிரேக்கை அழுத்தாமல் ஓட்டும் நேரத்திலும் வட்டின் அதே இடம் பேடில் உரசித் தேய்கிறது. நாளடைவில் இது தடிப்பு வேறுபாடாக மாறுகிறது.
* சக்கரக்குடத்தில் துரு: வட்டு அமரும் பரப்பில் உள்ள துருவும் அழுக்கும் புதிய வட்டையும் சாய்வாக அமரச் செய்யும்.
* நட்டுகளைச் சமமின்றி முடுக்குதல்: ஒரு பக்க நட்டு மிகையாகவும் மறுபக்க நட்டு குறைவாகவும் முடுக்கப்பட்டால் வட்டு சாய்கிறது.
* பேடுப் பொருள் படிதல்: கடுமையாக பிரேக் பிடித்து வண்டியை நிறுத்திய பின்னும் மிதியை அழுத்திக்கொண்டே இருந்தால், சூடான பேடின் பொருள் வட்டின் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.
* காலிப்பர் இறுக்கம்: வழுக்கு ஊசிகளோ உந்துதண்டோ இறுகினால் பேடு வட்டை விட்டு விலகாமல் தொடர்ந்து உரசும்.
* நீண்ட நாள் நிறுத்தம்: ஈரப்பதம் மிக்க இடங்களில் பேடின் அடியில் துருத் தடம் உண்டாகும்.

கண்டறிதல்

முதலில் அதிர்வு எப்போது தோன்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரேக்கை அழுத்தாதபோதும் மணிக்கு 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால், சக்கரச் சமநிலைக் குறையோ டயர்க் குறையோ காரணமாக இருக்கலாம். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் முன் பிரேக்கையும், ஸ்டியரிங் அசையாமல் இருக்கையும் மிதியும் நடுங்கினால் பின் பிரேக்கையும் முதலில் ஆராய்தல் நன்று. வழுக்கும் தரையில் திடீரென அழுத்தும்போது மிதியில் தோன்றும் விரைவான துடிப்பு, சக்கரப் பூட்டுத் தடுப்பு அமைப்பின் இயல்பான செயலாகும்.

ஓட்டத்துக்குப் பின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகுந்த வெப்பத்துடன் இருந்தால் அதன் காலிப்பர் இறுகியிருக்கக்கூடும். தேய்ந்த புஷ்களும் பால் ஜாயிண்ட்களும் அதிர்வைப் பொதுவாகத் தோற்றுவிப்பதில்லை; ஆனால் சிறிய அதிர்வையும் பெரிதாக்கிக் காட்டும்.

பக்கவாட்டு ஆட்டத்தை, வட்டு வண்டியில் இருக்கும்போதே டயல் கேஜ் கொண்டு வெளிவிளிம்பிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உள்ளே அளப்பர். பல கார்களில் ஏற்கத்தக்க எல்லை 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை அமையும். தடிப்பைத் திருகு அளவியால் வட்டைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்து ஒப்பிடுவர்.

சரிசெய்தல்

1. வட்டைக் கழற்றி, சக்கரக்குடத்தின் பரப்பைக் கம்பித் தூரிகையால் துருவின்றித் துலக்க வேண்டும்.
2. காலிப்பரின் ஊசிகளைத் துடைத்து, அதற்குரிய மசகு இட வேண்டும். இறுகிய உந்துதண்டைச் சீர்செய்யவோ மாற்றவோ வேண்டும்.
3. வட்டில் குறிக்கப்பட்டுள்ள குறைந்த அளவு தடிப்புக்குக் கீழே போகாது எனில் கடைசல் செய்யலாம். வண்டியிலேயே பொருத்தி இயக்கும் கடைசல் கருவி, குடத்தின் சாய்வையும் சேர்த்துச் சரிசெய்யும். போதிய தடிப்பு இல்லையெனில் அதே அச்சிலுள்ள இரு வட்டுகளையும் பேடுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும்.
4. பொருத்திய பின் பக்கவாட்டு ஆட்டத்தை மீண்டும் அளக்க வேண்டும். இப்படி தவிர்க்கப்பட்டால் பழுது திரும்ப வர வாய்ப்பு மிகுதி.
5. நட்டுகளை எதிரெதிராக, முறுக்குவிசை காட்டும் திருக்கியால், வண்டியின் கையேட்டில் கூறப்பட்ட அளவுக்கு முடுக்க வேண்டும்.
6. புதிய பேடுகளை, மிதமான வேகத்திலிருந்து முழுவதும் நிறுத்தாமல் பலமுறை வேகம் குறைத்துப் பழக்க வேண்டும். இடையிடையே வட்டு குளிர நேரம் தர வேண்டும்.

பாதுகாப்பு

தளர்ந்த சக்கர நட்டுகளும் தேய்ந்த பால் ஜாயிண்ட்டும் இதே போன்ற நடுக்கத்தைத் தரக்கூடும். இவற்றால் சக்கரமே கழன்றுவிடும் இடர் உண்டு. ஆகவே திடீரெனத் தோன்றிய நடுக்கம், சக்கரம் கழற்றி மாட்டப்பட்ட பின் தோன்றிய நடுக்கம், வண்டி ஒரு பக்கமாக இழுத்தல் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் வண்டியை நிறுத்தி முதலில் நட்டுகளைச் சோதித்தல் வேண்டும். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளையும் வைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* வட்டு பிரேக்
* சக்கரச் சமநிலை
* ஒத்ததிர்வு