காகம்: விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில்

காகம், கோர்வஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பறவை. கரிசல் மண்ணும் கண்மாயும் பனைமரமும் சீமைக்கருவேலமும் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு வகைக் காகங்கள் வாழ்கின்றன. ஒன்று, கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருக்கும் வீட்டுக்காகம். மற்றொன்று, உடல் முழுக்கக் கறுத்து, தடித்த அலகும் கனத்த குரலும் கொண்ட அண்டங்காக்கை. முன்னதை 1817-இல் வியெயோவும், பின்னதை 1832-இல் சைக்ஸும் அறிவியல் முறைப்படி பெயரிட்டு விவரித்தார்கள். வீட்டுக்காகம் சுமார் 40 செ.மீ. நீளம் இருக்கும், அண்டங்காக்கை அதைவிடச் சற்றுப் பெரியது. சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டைத் தெருக்களில் வீட்டுக்காகமே மிகுதி. ஊரை விட்டு விலகித் தோப்புகளுக்கும், வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்துக்கும் போகப் போக அண்டங்காக்கையின் குரல் கூடும்.

மேலைநாட்டுக் கதைகளில் வரும் ரேவன் இவ்விரண்டும் அல்ல. அது ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள பெரிய காகம். இந்தியாவில் வடமேற்கு வறண்ட நிலங்களிலும் இமயமலையிலும் வாழ்கிறது, தமிழ்நாட்டில் கிடையாது. தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் அதை அண்டங்காக்கை என்றே எழுதிவருவதால் இரண்டும் ஒன்றென்ற எண்ணம் பரவியிருக்கிறது.

வாழ்முறை

வீட்டுக்காகத்துக்குக் காடு தேவையில்லை, மனிதர்கள் வேண்டும். ஆள் அரவமில்லாத இடத்தில் அதைக் காண்பது அரிது. சோறு, குப்பை, கருவாடு, எலி, பூச்சி, பிற பறவைகளின் முட்டை, வேப்பம்பழம் என எதையும் தின்னும். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் மதியம் தூக்குச்சட்டி திறக்கும் நேரம் அதற்குத் தெரியும். காய்ந்த ரொட்டியோ கெட்டி முறுக்கோ கிடைத்தால் அப்படியே விழுங்கிவிடாது. கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். விளிம்பில் நின்று முக்கும், எடுக்கும், அலகால் அழுத்திப் பார்க்கும், மறுபடி முக்கும். ஊறிய பிறகே உண்ணும். மிஞ்சியதை ஓட்டு இடுக்கில் செருகி, மேலே ஒரு சருகைப் போட்டு மூடிவிட்டுப் போவதும் உண்டு.

கோடையில், பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை, கூடு கட்டும். சுள்ளிதான் அடிப்படை. ஊருக்குள் கட்டும் கூட்டில் கம்பித்துண்டும் சணலும் சேர்ந்துகொள்ளும். உள்ளே தேங்காய் நாரும் மயிரும் வைத்து மெத்தென்று ஆக்கும். நீலப்பச்சை நிறத்தில் பழுப்புப் புள்ளியிட்ட மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடும். சுமார் 16, 17 நாள் அடைகாக்கும். அந்தக் காலத்தில் மரத்தடியில் நடப்பவர் தலையில் கொத்து விழுவது சகஜம். அதைத் தீய சகுனமாக எண்ணிப் பரிகாரம் தேடுவோர் அண்ணாந்து பார்த்தால், பெரும்பாலும் அங்கே ஒரு கூடு இருக்கும்.

அந்தக் கூட்டில்தான் குயிலும் முட்டையிடுகிறது. ஆண்குயில் காகங்களைச் சீண்டி இழுத்துச் செல்ல, பெண்குயில் உள்ளே நுழையும் என்று பலரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். குயில் முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது. சில நாள் முன்னதாகவே பொரிந்துவிடும். அதனால் குயில்குஞ்சு முதலிலேயே இரைக்கு வாய் திறந்து வளர்ந்துவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் குயிலிடம் பேசுவதாகப் பாடினார். அந்த ஊர்த் தோப்பில் கூவும் எந்தக் குயிலும் ஏதோ ஒரு பறவை ஊட்டி வளர்த்ததுதான், பெரும்பாலும் ஒரு காகம். குயிலின் புகழில் காகத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று தயங்காமல் சொல்லலாம்.

காகத்துக்கு ஆந்தை பகை. பகலில் ஆந்தை கண்ணில் பட்டுவிட்டால் ஒரு காகம் கரையும், பத்து காகங்கள் கூடும், ஆந்தை இடத்தை விட்டு நகரும்வரை விடாது. இரவில் நிலைமை தலைகீழ். திருக்குறளில் காலமறிதல் அதிகாரம் தொடங்குவதே இந்தப் பகையை வைத்துத்தான் (குறள் 481). பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரம் காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் நடந்த போர். மகாபாரதத்தில் ஆலமரத்தில் உறங்கும் காகங்களை இரவில் ஓர் ஆந்தை கொல்வதைப் பார்த்துத்தான் அசுவத்தாமனுக்குப் பாசறையை நள்ளிரவில் தாக்கும் யோசனை பிறக்கிறது. மூன்று நூல்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே காட்சி. இன்றும் எந்த வேப்பமரத்திலும் அதைப் பார்க்கலாம்.

இரை கிடைத்தால் கரைந்து இனத்தைக் கூட்டுவதும் இப்படிக் கண்டு எழுதப்பட்டதே. சுற்றந்தழால் அதிகாரத்தில் (குறள் 527) வள்ளுவர் அதைச் செல்வத்துக்கு இலக்கணமாக்கினார். மனித முகங்களைக் காகங்கள் நினைவில் வைத்துக்கொள்வதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முகமூடி அணிந்து சோதித்து நிறுவினார்கள். அது அமெரிக்கக் காகம். தனக்குச் சோறு வைக்கும் வீட்டின் சுவரில் மட்டும் வந்து காத்திருக்கும் நம்மூர்க் காகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு வியப்பளிக்காது.

இலக்கியத்தில்

காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்ற நம்பிக்கை சங்ககாலத்திலேயே இருந்தது. குறுந்தொகையின் 210-ஆம் பாட்டில், பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்து தோழியைப் பாராட்டுகிறான். அவளோ, அவன் வரவைக் கரைந்து சொன்ன காகத்துக்கு நெய்ச்சோற்றை ஏழு கலத்தில் ஏந்தி வைத்தாலும் போதாது என்கிறாள். இந்தப் பாட்டால்தான் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் நிலைத்தது. ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தும் இவருடையதே. ஒரு பறவையைப் பாடி, அதன் பெயரையே தன் பெயராகப் பெற்ற புலவர் இவர்.

விருதுநகர் மாவட்டத்துக்கே உரிய காகம் பெரியாழ்வாருடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டியவர் அவர். தம் திருமொழியின் இரண்டாம் பத்தில் அடுத்தடுத்து இரண்டு பதிகங்களைக் காகத்தை அழைப்பதற்கே ஒதுக்கினார். ஒன்றில் யசோதை, கண்ணனின் குழலை வார வரும்படி காகத்தைக் கூப்பிடுகிறாள். அடுத்ததில், மாடு மேய்க்கப்போகும் பிள்ளைக்குக் கோல் கொண்டு வரச் சொல்கிறாள். தலைவார விடாமல் திமிறும் பிள்ளையின் பார்வையைக் காகத்தின் பக்கம் திருப்பிவிட்டு, அந்த நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ளும் தாயின் சாமர்த்தியம் அது. இடுப்பில் பிள்ளையும் கையில் சோற்றுக்கிண்ணமுமாக வாசலில் நின்று காக்காவைக் காட்டி ஊட்டும் எல்லாத் தாய்மாரும் செய்வது இதுதான். பரம்பொருளாகப் போற்றும் கண்ணனின் தலைமுடியைத் தொட ஒரு காகத்தை அழைத்த துணிவு பெரியாழ்வாருடையது. தமிழில் காகத்துக்குக் கிடைத்த ஆகப்பெரிய மரியாதை இதுவே என்பது என் கருத்து.

அதே ஆழ்வார் மூன்றாம் பத்தில் இன்னொரு காகத்தையும் காட்டுகிறார். சித்திரகூடத்தில் சீதையைத் தீண்டிய காகாசுரன் அது. இராமனின் அம்பு துரத்த உலகெல்லாம் ஓடி, கடைசியில் அவனிடமே அடைக்கலம் புகுந்து, ஒரு கண்ணை இழந்து உயிர் தப்புகிறது. இராமன் சொல்லியனுப்பிய அடையாளங்களுள் ஒன்றாக அனுமன் இதைச் சீதையிடம் சொல்கிறான். காகத்துக்கு ஒரே கண்மணிதான், அதை இருபக்கமும் உருட்டிப் பார்க்கும் என்று ஊரில் சொல்வது இக்கதையை ஒட்டியே. காகத்துக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், ஒரு பொருளைக் கூர்ந்து பார்க்கத் தலையைச் சாய்த்து ஒரு கண்ணைத் திருப்புகிறது.

பக்கத்து எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார், நந்தலாலாப் பாட்டில் காக்கைச் சிறகின் கருமையில் கண்ணனையே கண்டார்.

முன்னோரும் நாட்காட்டியும்

சனீஸ்வரனின் வாகனம் காகம். திருநள்ளாற்றுக்கும், இம்மாவட்டத்துக்குப் பக்கமான தேனி மாவட்டத்துக் குச்சனூருக்கும் போகிறவர்கள் மட்டுமல்ல, வீட்டோடு இருப்பவர்களும் சனிக்கிழமைகளில் காகத்துக்கு எள்ளுச்சோறு வைப்பார்கள். முன்னோர் காக உருவில் வந்து உண்பதாக நம்புவதால், அமாவாசையன்றும் திதியன்றும் முதல் கவளம் காகத்துக்குத்தான். மொட்டைமாடிச் சுவரில் இலையைப் போட்டுச் சோறும் பருப்பும் நெய்யும் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டு வீட்டார் காத்திருப்பார்கள். காகம் வந்து வாய் வைத்த பிறகே பந்தி. வரத் தாமதமானால் வீட்டில் பேச்சு குறையும். செத்துப்போனவருக்கு என்ன மனக்குறையோ என்று பெரியவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையில் சுந்தர மகாலிங்கத்தைக் காண மக்கள் திரளும் நாளில், மலையேற முடியாதவர்கள் வீட்டுச் சுவரிலேயே இந்தக் கடனைச் செலுத்துகிறார்கள்.

அந்த அமாவாசை என்றைக்கு என்று தமிழ்நாட்டு வீடுகளுக்குச் சொல்வது பெரும்பாலும் சிவகாசியில் அச்சான தினசரி நாட்காட்டி. 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியை ஒட்டிப் பட்டாசும், அவற்றுக்கு லேபிள் அடிக்க அச்சுத்தொழிலும், அதிலிருந்து நாட்காட்டியும் வளர்ந்தன. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் பூஜை போட்டு அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுகிறார்கள். கிழிக்கும் தாளில் ராகுகாலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம் ஆகியவற்றோடு அமாவாசையும் திதியும் இருக்கும். காகத்துக்கும் மனிதருக்கும் இடையிலான இந்த உறவுக்கு நாள் குறித்துக் கொடுப்பது சிவகாசிதான் என்றால் மிகையில்லை. சோதிடத்தில் பஞ்சபட்சி சாத்திரம் சொல்லும் ஐந்து பறவைகள் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில். வளர்பிறையில் பெயரின் முதல் உயிரொலி உகரமானால் அவருக்குரிய பட்சி காகம்.

இம்மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்தவர் ரமண மகரிஷி. திருவண்ணாமலையில் அவருடைய ஆசிரமத்தில் பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி ஆகியவற்றின் சமாதிகளுக்குப் பக்கத்தில் ஒரு காகத்தின் சமாதியும் இருக்கிறது.

பிற நாடுகளில்

நார்ஸ் புராணத்தில் ஓடின் என்னும் கடவுளுக்கு ஹுகின், முனின் என்ற இரண்டு ரேவன்கள் உலகைச் சுற்றிவந்து செய்தி சொல்கின்றன. லண்டன் கோட்டையில் ரேவன்கள் இல்லாமற்போனால் அரசு வீழும் என்ற நம்பிக்கையில் குறைந்தது ஆறையாவது இன்றும் வளர்க்கிறார்கள். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஹைடா மக்களின் கதைகளில் உலகுக்கு ஒளியைக் கொண்டுவந்தது ரேவன். விவிலியத்தில் நோவா பேழையிலிருந்து முதலில் வெளியே விட்டது காகத்தை. எலியா தீர்க்கதரிசிக்குக் கேரீத் ஆற்றோரம் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவை காகங்கள். அங்கே காகம் மனிதருக்கு ஊட்டுகிறது, இங்கே மனிதர் காகத்துக்கு ஊட்டுகிறோம்.

வீட்டுக்காகம் கப்பலேறியும் பரவியது. 1890-களில் மலாயாவின் கிள்ளானுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாருக்கும் மனிதர்களே அதைக் கொண்டுபோனார்கள். அங்கெல்லாம் அது உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகிவிட்டது. கென்யா, சிங்கப்பூர் போன்ற நாடுகள் அதைக் குறைக்கப் பாடுபடுகின்றன. இந்தியாவிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு காகத்தையும் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. காலதாமதமானாலும் நல்ல முடிவு.

பட்டாசும் காகமும்

தமிழ்நாட்டில் தீபாவளி நரக சதுர்த்தசியன்று வருவதால், அன்றோ மறுநாளோ ஐப்பசி அமாவாசை. ஆகவே முன்னோருக்குச் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிடும் வேளையும் வெடிச்சத்தம் ஓயாத வேளையும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெலுக்கு மேல் சத்தம் போகக்கூடாது என்பது விதி. அந்த அளவே பறவைகளைக் கலைத்துவிடப் போதும். உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவை அடுத்துத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் வெடிக்க நேரம் ஒதுக்கினார்கள்.

பட்டாசை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழும் ஊரில் இருந்துகொண்டு வெடியே வேண்டாம் என்று பேசுவது நியாயமாகாது. இந்த இரண்டு வேளைகளையும் காகத்தின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். காலையில் அது மரத்தை விட்டுக் கிளம்பும் நேரம். வெளிச்சம் இருக்கிறது, சத்தம் கேட்டால் தூரப் பறந்துவிடும். மாலை ஏழு மணிக்கு நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் அடைந்திருக்கும். இருட்டில் கலைந்தால் எங்கே போவதென்று தெரியாமல் மின்கம்பியிலும் சுவரிலும் மோதும். அடிபடும் ஆபத்து காலையைவிட மாலையில்தான் அதிகம். தீபாவளி நேரத்தில் கூடுகளில் முட்டையோ குஞ்சோ பெரும்பாலும் இருப்பதில்லை என்பது ஓர் ஆறுதல். நீர்ப்பறவைகளுக்கு அந்த ஆறுதல் கிடையாது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. காகங்களுக்காக அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. அவை அடையும் மரம் எதுவென்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். மாலை வெடியை அந்த மரத்தடியில் வைக்காமல் நாலு தெரு தள்ளிப் போய் வைத்தாலே பெரும்பகுதிச் சேதம் நின்றுவிடும்.