வன்தட்டு ஏன் மறுத்தது? - லினக்ஸ் தடமறிதலில் பிழை விவரம் சேர்ந்த வரலாறு

வல்லத்திலிருந்து ஒரு விவசாயி திண்டிவனத்து அலுவலகத்துக்கு மனு அனுப்புகிறார். மனு "ஏற்கப்படவில்லை" என்ற முத்திரையோடு திரும்பி வருகிறது. கையெழுத்து இல்லையா, பட்டா எண் தவறா, அலுவலகமே மாறிவிட்டதா? காரணம் தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. கணினியின் வன்தட்டும் பல ஆண்டுகள் இப்படித்தான் பதில் சொல்லி வந்தது. சொன்ன காரணம் எங்கே போயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஸ்கஸியும் அதன் பிழைக் குறியீடும்

சேமிப்புச் சாதனங்களுக்குக் கட்டளை அனுப்பும் முறைகளில் முக்கியமானது ஸ்கஸி. ஷுகார்ட் நிறுவனம் உருவாக்கிய சாசி என்ற முறையிலிருந்து வளர்ந்த இது, 1986-ல் அமெரிக்கத் தர நிர்ணயமாக வெளியானது. கட்டளை தோல்வியுற்றால் சாதனம் முதலில் "சோதித்துப் பார்" என்ற நிலையை மட்டும் தெரிவிக்கும். உண்மையான காரணம் "சென்ஸ்" எனப்படும் தகவலில் இருக்கும். அதில் மூன்று எண்கள் முக்கியமானவை. முதலாவது சென்ஸ் கீ, பிழையின் வகையைச் சொல்லும். 2 என்றால் சாதனம் தயாராக இல்லை, 3 என்றால் தட்டின் பரப்பில் கோளாறு, 4 என்றால் வன்பொருள் கோளாறு, 5 என்றால் கட்டளையே தவறு. மற்ற இரண்டு எண்களும் அந்த வகைக்குள் நுணுக்கமான காரணத்தைக் குறிக்கும்.

இந்த வேறுபாடு சிறியதல்ல. 3 வந்தால் தரவை உடனே வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். 5 வந்தால் தட்டில் குறையே இல்லாமல் இருக்கலாம், மென்பொருளைத் திருத்தினால் போதும். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் நல்ல தட்டு குப்பைக்குப் போகும், கெட்ட தட்டு மருத்துவமனைப் பதிவேடுகளைச் சுமந்தபடி ஓடிக் கொண்டிருக்கும்.

தடமறிதல் வளர்ந்த விதம்

லினக்ஸ் கெர்னல் 1991-ல் பிறந்தது. ஆரம்பத்தில் பிழைகள் செய்திக் குறிப்பேட்டில் வரிகளாக மட்டுமே பதிவாயின. ஓடிக் கொண்டிருக்கும் கெர்னலுக்குள் நுழைந்து பார்க்கும் கேப்ரோப்ஸ் என்ற வசதி 2004-ல் 2.6.9 பதிப்பில் சேர்ந்தது. இதில் ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2002 அக்டோபரில் வம்சி கிருஷ்ணா இதை உருவாக்கியதாகவும், 2004-ல் சுபர்ணா பட்டாச்சார்யாவும் பிரசன்னா பஞ்சமுகியும் விரிவுபடுத்தியதாகவும் கெர்னல் மூலநிரலின் தலைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்து 2006-ல் ஜென்ஸ் ஆக்ஸ்போவின் பிளாக்டிரேஸ் வந்தது. 2008-ல் ஸ்டீவன் ரோஸ்டெட்டின் எஃப்டிரேஸும், மாத்தியூ டெனோயேவின் டிரேஸ்பாயிண்டுகளும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. 2010-ல் 2.6.35 பதிப்பில் ஸ்கஸிக்கென்றே தனித் தடப்புள்ளிகள் கிடைத்தன. கட்டளை கிளம்பியது, முடிந்தது, அனுப்புவதில் பிழை, நேரம் கடந்தது என நான்கையும் நேரத்தோடு பதிவு செய்தன.

விடுபட்டதும் சேர்ந்ததும்

ஆனால் "முடிந்தது" என்ற வரியில் தோல்வியின் நிலை மட்டும் இருந்தது, சென்ஸ் தகவல் இல்லை. சாதனம் காரணத்தைச் சொல்லியிருந்தும் தடத்தில் அது தெரியவில்லை. செய்திக் குறிப்பேட்டில் தேடலாம் என்றால், எல்லாத் தோல்வியும் அங்கே எழுதப்படுவதில்லை. பின்னாளில் வந்த கெர்னல்களில் அந்த மூன்று எண்களும் அதே வரியின் இறுதியில் சேர்க்கப்பட்டன. சேர்ந்தது சில எழுத்துகள்தான். ஆனால் எந்தக் கட்டளை, எந்த நொடியில், எதனால் தோற்றது என்பது ஒரே வரியில் கிடைத்தது.

புதிய என்விஎம்இ சாதனங்களுக்கு 2018-ல் தடப்புள்ளிகள் வந்தன. அவற்றில் கட்டளைக்கான பதிலிலேயே பிழைக் குறியீடு அடங்கியிருப்பதால் இச்சிக்கல் குறைவு. 2022-ல் பிழையுற்ற கோரிக்கைகளை மட்டும் பிரித்துக் காட்டும் தடப்புள்ளியும் பொதுவான பிளாக் அடுக்கில் சேர்ந்தது.

தோல்வியைப் பதிவு செய்தால் மட்டும் போதாது, காரணத்தையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். மனுவுக்கும் அதுதான், வன்தட்டுக்கும் அதுதான்.