எழுத்தாணியும் விரலும்

ஐதராபாத்துக் கடைப்பலகைகளில் தெலுங்கெழுத்தின் வட்ட வடிவங்களைக் காணுந்தோறும் நம் தமிழெழுத்து நினைவில் எழும். இரண்டுக்கும் பனையோலையே தாய்மடி. ஓலை நரம்பின் போக்கில் கோடிழுத்தால் ஓலை கிழியும். ஆதலின் எழுத்தாணி வளைந்து சென்றது, எழுத்தும் வளைந்தது என்பர் அறிஞர்.

எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் புள்ளி குத்தினால் துளை விழும் என்றஞ்சி ஏடெழுதுவோர் அதனை விடுத்தனர். குறிலும் நெடிலும் மயங்கின. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தமே அம்மயக்கத்தை நீக்கிற்று. கருவி எழுத்தின் வடிவத்தையே மாற்றவல்லது என்பதற்கு இது நற்சான்று.

எழுத்தாணிக்கும் முந்தியது விரல். திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதித் தேறிய பின்னரே ஓலையைத் தொட்டனர். இன்றும் விசயதசமியன்று அரிசியில் பிள்ளையின் விரல்பிடித்து எழுத்தறிவிக்கிறோம்.

அவ்விரண்டும் நம் காலத்தில் கைப்பேசித் திரையில் மீண்டும் எதிர்ப்பட்டன. 1996இல் வந்த பாம் பைலட்டும், 2004இல் பெங்களூரிலிருந்து விற்பனைக்கு வந்த அமிதா சிம்ப்யூட்டரும் கோல்கொண்டு எழுதும் கருவிகள். அன்றைய திரைகள் பெரும்பாலும் அழுத்தத்தை உணர்ந்தவை. கூர்முனையே அவற்றுக்கு ஏற்றது. 2007இல் ஐபோனை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ், கோலை எள்ளி விரலைப் போற்றினார். விரல் தொடுகையில் நேரும் மின்னூட்ட மாற்றத்தை அத்திரை உணர்ந்தது. ஆயினும் விரல்நுனி அகன்றது. நுண்ணிய கோட்டிற்கு உதவாது. 2015இல் அதே நிறுவனம் தன் பெரிய பலகைக் கணினிக்கென எழுதுகோல் ஒன்றை வெளியிட்டது.

இவ்வழக்கில் எப்பக்கம் வென்றாலென்ன என்றே இருந்தோம், எம் மகள் ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டியனுப்பிய நாள் வரை. பாட்டியால் அதைப் படிக்க இயலவில்லை. 2015இல் கூகுள் வெளியிட்ட கையெழுத்து உள்ளீடு தமிழையும் ஏற்றது. அவ்வசதியைக் கைப்பேசியில் அமைத்து, திரைமேல் விரலால் எழுதச் சொன்னோம். 'பாட்டி' என்னும் மூன்றெழுத்துக்கு அவளுக்குக் கால்மணி நேரமாயிற்று. டகர மெய்யின் புள்ளி முதலில் விடுபட்டது, ஏடெழுதினோரை எண்ணிக்கொண்டோம். மறுமொழியாகப் பாட்டி தொலைபேசியிலேயே அழைத்துவிட்டார்.

புலம்பெயர்ந்து வாழும் நம் இல்லங்களில் தமிழ் செவியில் நிற்கிறது, கையில் நிற்கவில்லை. கோலாயினும் விரலாயினும் ஆகுக. நாளொன்றுக்கு ஒரு வரியேனும் தமிழெழுத்தில் எழுதப் பிள்ளைகளைப் பழக்குவோமாக.