ஆளில்லாத இரண்டாவது வாரம்

1969 டிசம்பர் 20. லண்டனில் ஒரு நகராட்சியில் வேலை பார்த்த வழக்கறிஞர் ஒருவர், வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இரண்டு வார லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினார். 15 நாள் பனிச்சறுக்குப் பயணத்துக்குக் கட்டிய பணம் 63.45 பவுண்டு. ஸ்வான்ஸ் டூர்ஸ் என்ற பயண நிறுவனம் அச்சிட்ட விளம்பரப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அவர் மோர்லியால்ப் என்ற மலையூரைத் தேர்ந்தெடுத்தார். விடுதியே விருந்து வீடு மாதிரி கலகலப்பாக இருக்கும், மாலைத் தேநீரோடு கேக் வரும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ராச்சாப்பாடு, ஒருநாள் யோடல் என்ற மலைநாட்டுப் பாட்டு, ஆங்கிலம் பேசும் விடுதிக்காரர் என்றெல்லாம் அதில் ஆசை காட்டியிருந்தார்கள்.

முதல் வாரம் 13 பேர் இருந்தார்கள். இரண்டாவது வாரம் அவர் ஒருவர்தான். விடுதிக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. தேநீருக்கு வந்தது உருளைக்கிழங்கு சிப்ஸும் காய்ந்துபோன கேக்கும். மதுக்கூடம் ஒரே ஒரு மாலை திறந்தது. யோடல் பாட வந்தவர் உள்ளூர்க்காரர். வேலைக்குப் போட்ட உடுப்போடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசில் நிற்பது கேக்கும் பாட்டும் அல்ல. வருடம் முழுக்கக் காத்திருந்த மனிதர், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் மலையில் தனியாக உட்கார்ந்து புத்தாண்டைப் பார்த்தாரே, அதுதான்.

ஊர் திரும்பியவர் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டு நீதிபதி, கொடுத்த காசுக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது என்று கணக்குப் போட்டு 31.72 பவுண்டு கொடுத்தார். போன லீவுக்கு? மனம் நொந்ததற்கு? அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இடமில்லாமல் போனதற்கு ஒரு பழைய இரயில் கதை உண்டு. ஒரு தம்பதி இரண்டு பிள்ளைகளோடு விம்பிள்டனில் இரயில் ஏறினார்கள். போக வேண்டியது ஹாம்ப்டன் கோர்ட். இரயில் கொண்டுபோய் விட்டதோ ஈஷரில். நள்ளிரவு. வண்டியும் இல்லை, தங்க இடமும் இல்லை. தூறலில் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். மனைவிக்குச் சளி பிடித்துப் படுத்துவிட்டார். ஜூரி 28 பவுண்டு கொடுத்தது. 1875இல் மேல்கோர்ட்டு நடந்த சிரமத்துக்கான 8 பவுண்டை விட்டுவைத்து, சளிக்கான 20 பவுண்டை அடித்துவிட்டது. கால் வலித்தால் காசு உண்டு. ஆசைப்பட்டது கிடைக்காத வருத்தத்துக்கு இல்லை என்று நீதிபதி சொன்னது கிட்டத்தட்ட நூறு வருடம் நிலைத்தது.

1972 அக்டோபரில் அந்த வழக்கறிஞரின் மேல்முறையீட்டை விசாரித்த டென்னிங் பிரபு, அது காலாவதியான பேச்சு என்றார். அவர் சொன்ன உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவரிடம் கிளைண்ட்போர்ன் இசை நாடகத்துக்கு டிக்கெட் இருக்கிறது. அந்த ஒரு இரவுதான் அவருக்குக் கிடைத்தது. போக ஒரு கார் பேசுகிறார். கார் வரவில்லை. நஷ்டம் அந்த டிக்கெட் விலையோடு தீர்ந்துவிடுமா? விடுமுறையும் அப்படித்தான். அங்கே காசு கொடுத்து வாங்குவதே சந்தோஷத்தை. அது வந்து சேராவிட்டால் ஏமாற்றம்தானே நஷ்டம்! கோர்ட்டு 125 பவுண்டு கொடுக்கச் சொன்னது. கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அடுத்த படி நம் பக்கத்துத் தீவில் எழுந்தது. மூன்று வயது இரட்டைப் பையன்களோடு நாலு வாரம் சிலோனில் இருக்க 1,200 பவுண்டு கட்டினார் ஒரு தகப்பன். பதிவு செய்த ஹோட்டல் கட்டி முடியாததால் வேறொன்றில் தங்க வைத்தார்கள். சாப்பாட்டில் தேங்காயெண்ணெய் வாசம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார்கள். அது அந்த ஊர்க் கைப்பக்குவம், அதில் நான் அவர்கள் பக்கம் சேர மாட்டேன். ஆனால் பிள்ளைகள் படுத்த அறையின் சுவர் பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது. ஒப்பந்தம் போட்டவர் தகப்பன் மட்டும். மனைவி மக்கள் பட்ட பாட்டுக்கும் அவர் கேட்கலாமா? கேட்கலாம் என்றார் டென்னிங். 1975இல் 1,100 பவுண்டு உறுதியானது. டென்னிங் சொன்ன காரணத்தை அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1980இல் ஏற்கவில்லை. ஆனாலும் தொகை தவறென்று சொல்லவில்லை.

பிறகு துருக்கியில் விடுமுறையில் கெட்ட சாப்பாட்டால் நோயில் விழுந்த 10 வயது ஆஸ்திரியச் சிறுமியின் வழக்கு வந்தது. உடம்பு பட்ட வலிக்குப் பணம் கொடுத்த ஆஸ்திரியச் சட்டத்தில், பாழான விடுமுறைக்கு அப்போது ஒன்றும் இருக்கவில்லை. 2002 மார்ச் 12 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், தொகுப்புச் சுற்றுலாவில் போகிறவருக்கு அந்த இழப்புக்கும் ஈடு கேட்க உரிமை உண்டு என்று அவளுக்காகத் தீர்ப்பளித்தது.