செருப்புக் காணிக்கை

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் வில்லுப்பாட்டு இல்லாமல் கோயில் கொடைவிழா நடக்காது. மணிகள் கட்டிய வில்லில் தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோல் போட, குடமும் உடுக்கையும் சேர்ந்துகொள்ளும். பாட்டில் வரும் சாமிகளில் பலர் அநியாயமாய்ச் செத்த மனிதர்கள். அவர்களில் ஒருவனான முத்துப்பட்டன் பிராமணன்; சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்தவன். மாடு கவர வந்தவர்களோடு மோதி மாண்டான். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தனர். பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. அவன் சாவைப் பாடும்போது வில்லடி வேகமெடுக்கும்; சாமியாடிக்கு அருள் வரும். சாதியை மீறி, அநியாயமாய்ச் செத்தவனைச் சாமியாக்கிக் கும்பிட்டு, ஊர் தன் குற்றத்தை ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.