கொள்ளிடம் பழைய பாலம் சொல்லும் பாடம்

ஆண்டு மலருக்கு நம்ம பகுதியின் வரலாறு ஏதாவது எழுதுங்க என்று கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கொள்ளிடம் பழைய பாலம்தான். நம்பர் 1 டோல்கேட்டையும் திருவானைக்காவலையும் சேர்த்த பாலம் அது. மண்ணச்சநல்லூர், லால்குடிப் பக்கத்து ஜனங்களுக்குத் திருச்சிக்குப் போக அதுதான் வழி.

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிவது கொள்ளிடம். வெள்ளம் வந்தால் மிஞ்சுகிற தண்ணீரை இதில்தான் திறந்துவிடுவார்கள். மற்ற நாளில் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். தண்ணீரைப் பிரித்துவிட ஆர்தர் காட்டன் 1836-ல் அங்கே மேலணை கட்டினார்.

1924-ல் காவிரியில் பெருவெள்ளம். அடுத்த வருஷமே மேட்டூர் அணை வேலை ஆரம்பித்து 1934-ல் முடிந்தது. இதற்கு நடுவில் 1928-ல் கட்டியது நம்ம பாலம். 1977 வெள்ளத்தில் திருச்சி ஊருக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அப்போதும் பாலம் நின்றது. 2005 வெள்ளத்தையும் தாங்கியது.

2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி திறந்தார்கள். அந்த வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சில சாய்ந்து, மேல்தளமும் ஆற்றில் விழுந்தது. 2016-லேயே பக்கத்தில் புதுப்பாலம் திறந்து, வண்டியெல்லாம் அதில் போய்க்கொண்டிருந்தது நல்லதாப் போச்சு. அதே ஆகஸ்ட் 22 அன்று மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துப் போயின.

பாலத்துக்கு 90 வயசு, அதனால் விழுந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் வயசு மட்டும் காரணமில்லை. தூணுக்குப் பிடிமானம் அதைச் சுற்றியுள்ள மணல். வேகமாக வரும் தண்ணீர் தூணடியில் சுழன்று மணலை அரிக்கும். மணல் நிறைய இருந்தால் அரித்தாலும் தாங்கும். வருஷக்கணக்கில் லாரி லாரியாக அள்ளி, ஆறே பள்ளமாகிப் போனால் தூண் எதைப் பிடித்து நிற்கும்?

இது பாலத்தோடு முடிகிற விஷயமில்லை, சகோதரிகளே. ஆற்று மணல்தான் தண்ணீரைப் பிடித்து வைத்து நம்ம கிணற்றுக்கும் போருக்கும் கொடுக்கிறது. மணல் போனால் தண்ணீரும் கீழே போகும். அப்புறம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது நாமதான். கடன், சேமிப்புக் கணக்கைக் கூட்டத்தில் வரிவரியாகக் கேட்கிறோம் இல்லையா? ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்கும் குழுவாகப் போவோம். ஆற்று மணலுக்கும் அப்படியே கணக்குக் கேட்டு, தீர்மானத்தில் எழுத வைப்போம்.